கே, கூட்டல், மேல்நோக்கிய அம்பு

"பொட்டாசியம் குளிசை சீட்டு இல்லாமல் தர ஏலாது, சேர்" என்று மருந்துக் கடைக்காரர் சொன்னபோது எனக்கு அவரில் மரியாதைதான் வந்தது. விதி தெரிந்த மனிதரைக் காண்பது அரிது. நன்றி சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளியிருந்த சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே உப்புப் பைக்கற்றுகளுக்கு நடுவில், பிறஷர்காரருக்கென்று பச்சை மூடி போட்ட ஒரு போத்தல் இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அடியிலிருந்த சிற்றெழுத்தை வாசித்தேன். சோடியம் குறைவு, அந்தக் குறைவை நிரப்பியிருந்தது பொட்டாசியம் குளோரைட்டு. ஒரு கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்துச் சீட்டுக் கேட்கிறார்கள். அடுத்த கடையில் அதே சாமான் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் இரண்டு போத்தல் வாங்கினேன்.

என்னைப் பொறுத்தவரை நான் செய்தது முழுக்க எழுத்திலுள்ள உத்தரவுக்கு அமைவானது. அன்றைக்குக் காலையில்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக். எனக்குப் பத்து வருடமாகப் பிறஷர். சிறுநீரகம் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது என்று போன வருடம் சொல்லியிருந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் களைக்காத உறுப்பு எது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இருந்த இளம் டொக்டர் இரத்த ரிப்போட்டைப் பார்த்தார், என் கிளினிக் கொப்பியில் எழுதினார், "ஐயா, பக்கத்து அறையில டயட் மிஸ் இருக்கிறா, அவவோட கதைச்சிட்டுப் போங்கோ" என்றார். நான் எழும்ப முதலே அடுத்த நோயாளி என் ஸ்டூலில் பாதி இருந்துவிட்டார்.

டயட் மிஸ்ஸின் அறை வாசலில் போட்டிருந்த நீள வாங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் நின்றபடியே கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துக் கே. அதன் தோளில் ஒரு கூட்டல் அடையாளம். பக்கத்தில் மேல்நோக்கிய ஓர் அம்பு. அதற்குக் கீழே சாப்பாடு பற்றி ஒரு சொல். அதற்கும் கீழே, இரண்டு கிழமையில் இரத்தம் மீண்டும் சோதிக்க என்று. கே என்றால் பொட்டாசியம் என்பது இரசாயனம் படித்த எனக்குத் தெரியும். ஆவர்த்தன அட்டவணையில் பத்தொன்பதாவது. கூட்டல் என்றால் கூட்டல். அம்பு பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்துநாலு வருடம் துறைமுகப் பக்கத்து அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் இருந்தவன். மேலதிகாரி கோவைத் தாளின் ஓரத்தில் மேல்நோக்கி அம்பு போட்டால் எங்களுக்கு ஒரே அர்த்தம்: கூட்டு. கீழ்நோக்கிப் போட்டால்: குறை. கோவையில் எழுதப்படுவது கட்டளை. வெறும் தகவல் என்றால் 'தகவலுக்காக' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கவில்லை.

ஆகவே வாங்கில் இருந்து நேரம் போக்காமல் வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் தேடி, ஒரு நேரசூசி தயாரித்தேன். காலையில் கதலிப்பழம் மூன்று. பத்து மணிக்குச் செவ்விளநீர். மத்தியானம் முருங்கையிலை வறை, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். பின்னேரம் தக்காளிச் சாறு. எல்லாவற்றிலும் பச்சை மூடி உப்பு. குசினிச் சுவரில் ஒட்டி, கீழே திகதியும் போட்டேன். பழத்தோல்களைப் பையில் கட்டிக்கொண்டு போய் எங்கள் ஊர் வீதிகளில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களுக்குப் போட்டேன். அவற்றுக்கும் பொட்டாசியம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த நேரசூசியை நான் அவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்திருக்கிறது. மனைவி போய் மூன்று வருடம். இன்ன நேரத்தில் இன்னதைச் சாப்பிடு என்று இந்த மூன்று வருடத்தில் எனக்கு யாரும் வாயாலோ எழுத்திலோ சொன்னதில்லை. பாணும் சம்பலும் பல நாள். சில நாள் வெறும் பாண்.

கிளினிக்கில் நடப்பதை நான் மகளுக்குச் சொல்வதில்லை. அவள் கொழும்பில், நாலாம் மாடியில், புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். தாயின் முப்பத்தோராம் நாள் முடிந்த அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். லிங்கநகர் வீட்டை விட்டுப்போனால் அதைப் பூட்ட வேண்டும். பூட்டின வீடு இந்த ஊரில் எத்தனை மாதம் வீடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அழுது, கத்தி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். என்னை ஆஸ்பத்திரி வாட்டில் முதல் தடவை மறித்துப் படுக்கவைக்கிற வரைக்கும் நான் தனியே இருக்கலாம். மறித்தால் பேச்சில்லாமல் கொழும்பு. வாசகத்தை நானே எழுதினேன். கிளினிக் சேராது, வெளிநோயாளர் பிரிவு சேராது, சேலைன் ஏற்றிவிட்டு அதே நாள் அனுப்பினால் சேராது. 'ஓர் இரவேனும் வாட்டில் தங்க நேரின்' மட்டுமே சேரும். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

"சாட்சிக் கையெழுத்து ஆர் போடுறது, அப்பா?" என்று கேட்டாள்.

"தேவையில்லை. இது குடும்ப ஆவணம்" என்றேன். உண்மையில் சாட்சி போட வீட்டில் ஆள் இல்லை.

இளநீருக்கு நான் தெரிந்தெடுத்த இடம் உட்துறைமுக வீதி. லிங்கநகரிலும் இளநீர் இருக்கிறது. ஆனால் அந்த வீதியோரம் நின்றால் தண்ணீரும் கப்பலும் தெரியும். பழைய காரியாலயத்தின் கூரையும் தெரியும். இளநீர்க்காரர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர், ஐம்பது வயது, வாய் ஓயாதவர். மூன்றாம் நாள் நான் இரண்டு கேட்டதும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன சேர், இண்டைக்கு ரெண்டு?"

"டொக்டர் எழுதியிருக்கிறா."

"இளநிக்குச் சீட்டெழுதுற டொக்டர் எங்க இருக்கிறா? ஒருக்கா எனக்கிட்டக் கூட்டியாங்க சேர், குலையோட சும்மா குடுக்கிறன்."

"அவ அரசாங்க உத்தியோகத்தர். அன்பளிப்பு வாங்க ஏலாது."

"நீங்க வாங்கின ஆளில்லையா?"

"உம்மட இளநி அப்ப இருக்கேல்ல."

சிரித்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. அன்றைக்கு வேறு எவரோடும் பேசவில்லை. பஸ்ஸில் மிச்சக்காசு கேட்டதைப் பேச்சென்று சொல்ல மாட்டேன். அடுத்தடுத்த நாட்களில் பத்து மணிக்குப் போகவேண்டியவன் ஒன்பதரைக்கே போகத் தொடங்கினேன்.

இரண்டாம் கிழமை கால்கள் சோர்ந்தன. படியேறும்போது தொடை என்னுடையது இல்லைப்போல் இருந்தது. தேடிப் பார்த்தேன், பொட்டாசியம் குறைந்தால் தசை பலவீனமாகும் என்று இருந்தது. அதே பந்தியில் அடுத்த வரி, கூடினாலும் அப்படித்தான் என்றது. அந்த வரி எனக்குரியதல்ல என்று விட்டுவிட்டேன். கதலியை ஐந்தாக்கினேன்.

குறித்த நாளில் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் சோறு போடும்போது தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல். "ஐயா, உடன வாங்கோ. ஆட்டோ ஒண்டைப் பிடிச்சு வாங்கோ. நடக்கவேண்டாம்." அரசாங்கம் எனக்குத் தானாகத் தொலைபேசி எடுத்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே பயந்தேன்.

நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். வாட்டு டொக்டர் அந்தத் தாளை நீளமாகப் பிடித்துப் பார்த்தார். பொட்டாசியம் ஐந்துக்குள் இருக்க வேண்டியது ஆறைத் தாண்டிவிட்டதாம். இருதயம் அடிக்கிற ஒழுங்கு அதில்தான் தங்கியிருக்கிறதாம்.

"பொட்டாசியம் குளிசை ஏதும் எடுத்தனீங்களா?"

"இல்லை. தர மாட்டன் எண்டு சொல்லிப்போட்டினம்." அது உண்மை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததற்குப் பதில் சொல்வது எங்கள் சேவையில் பழக்கமில்லை.

"ஐயாவை மறிக்க வேணும்."

"மறிக்காமல் செய்ய ஏலாதா? பின்னேரத்துக்குள்ள முடிச்சு அனுப்பினால்?"

"இருதயம் நிண்டுதெண்டால் பின்னேரம் ஆரை அனுப்புறது?" என்றார். அது நல்ல வாதம்.

ஒரு மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள். பிறகு தாதி இன்சுலின் என்று சொல்லிக்கொண்டு இன்னோர் ஊசியோடு வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்குச் சீனி வருத்தம் இல்லை, வேறு ஒருவருடைய மருந்துத் துண்டு என்னுடையதோடு கலந்துவிட்டது, பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உத்தியோகபூர்வமான குரலில் சொன்னேன். டொக்டர் வந்து, இன்சுலின் சீனிக்கு மட்டுமல்ல, இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தையும் உடம்பின் கலங்களுக்குள் தள்ளும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். சீனி விழாமல் இருக்க குளுக்கோசும் சேர்த்துத்தான் தருகிறோம் என்றார். கையை நீட்டினேன். நெருங்கிய உறவினர் என்ற பகுதியில் மகளின் பெயரை எழுதினேன். தொலைபேசி இலக்கத்துக்கு நேரே 'ஞாபகமில்லை' என்றேன். அந்த இலக்கம் எனக்குத் தலைகீழாகவும் தெரியும்.

அடுத்த நாள் காலை கட்டிலில் இருந்தபடி மனத்துக்குள் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். விடயம்: அளவு குறிப்பிடாமல் பொட்டாசியத்தைக் கூட்டுமாறு கிளினிக் கொப்பியில் பணித்தமை. பந்தி ஒன்று, பணிப்புரை. பந்தி இரண்டு, நான் அதற்கமைய எடுத்த நடவடிக்கைகள். பந்தி மூன்று, உச்ச எல்லை குறிப்பிடப்படாமையால் ஏற்பட்ட விளைவு. பிரதி யார் யாருக்கு என்பது வரை முடித்துவிட்டேன். நல்ல கடிதம். ஓய்வுபெற்ற பின் நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது.

பார்வையாளர் நேரம் வந்தது. எல்லாக் கட்டில்களையும் சுற்றி ஆட்கள் நிறைந்தார்கள். எனக்கு யாரும் வர நியாயமில்லை என்பதால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சேர்."

இளநீர்க்காரர். என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரன் அவருடைய இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவனாம். கையில் ஒரு சொப்பிங் பையில் வெட்டிய இரண்டு செவ்விளநீர், மற்றதில் ஒரு சீப்புக் கதலி.

"மறிச்சிட்டாங்கண்டு சொன்னான். நான் பயந்திட்டன். ரெண்டு கிழமையா என்ட இளநியக் குடிச்ச மனிசன், எனக்கல்லவா பேர் கெட்டுப்போகும்."

நான் எழும்பி இருந்தேன். கதிரை இல்லை; அவரைக் கட்டிலின் நுனியில் இருக்கச் சொன்னேன். தாதி வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"சேருக்குத்தான், மிஸ். டொக்டரே எழுதிக் குடுத்தது. தினமும் குடிக்கிறவர். ரெண்டு."

"எந்த டொக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கிளினிக் கொப்பியை எடுத்து, பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினேன். ஆதாரம் கையில் இருக்கும்போது குரல் உயரத் தேவையில்லை. தாதி வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஐயா, இது பொட்டாசியம் கூடியிருக்கு எண்டு எழுதினது. கூட்டச் சொல்லி இல்லை."

"அம்பு மேல பார்க்குது."

"ஓம். மேல போயிருக்கு எண்டு. அந்தக் கூட்டலும் கூட்டச் சொல்லி இல்லை. பொட்டாசியத்தை எழுதிறதே அப்பிடித்தான்."

அயன். நேர் மின்னேற்றத்தின் குறி. பதினேழு வயதில் இதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினவன் நான்.

"அதைக் குறைக்கிறதுக்குத்தான் டயட் மிஸ்ஸிட்டப் போகச் சொன்னது. நீங்கள் போகேல்லையா?"

"ஆட்கள் கனக்க இருந்திச்சினம்."

தாதி உப்பைப் பற்றியும் கேட்டார். இந்த முறை கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னேன். என் பிறஷர்க் குளிசை பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற இனமாம். களைத்த சிறுநீரகம், அந்தக் குளிசை, அதற்குமேல் பச்சை மூடி உப்பு. இளநீர்க்காரர் இரண்டு பையையும் மெல்லக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"அப்ப நானா சேர் உங்கள இங்க கொண்டுவந்து போட்டது?"

"நீர் இல்லை. வாசிச்சது நான்."

காய்ச்சலுக்கு வந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்த வெருகல் ஊரில் வயல் செய்கிற கமக்காரருக்குத் தாதியின் அனுமதியோடு இளநீரைக் கொடுத்தோம். அவர் ஒரே மூச்சில் குடித்தார். முறைப்பாட்டுக் கடிதத்தை நான் பிரதிகளோடு கைவிட்டேன்.

இரண்டு இரவு வைத்திருந்து, சனிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் குசினிச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கழற்றினேன். மத்தியானம் என்ன சாப்பிடுவது என்று தெரியாமல் வெறுஞ்சோறு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆஸ்பத்திரியிடம் அவளுடைய இலக்கம் இல்லை. உடன்பாட்டின் வாசகம் 'தங்க நேரின்' என்கிறது. 'அறிவிக்கப்பட வேண்டும்' என்று எங்கும் இல்லை. என்னை அறியாமலே எனக்கு ஒரு நல்ல ஓட்டையை விட்டு எழுதியிருந்தேன்.

"கிளினிக்கில என்ன சொன்னவை, அப்பா?"

"கொப்பியில எழுதியிருக்கினம். கே, கூட்டல், மேல்நோக்கி அம்பு."

"கே எண்டால்?"

"பொட்டாசியம்."

"அப்ப பொட்டாசியத்தைக் கூட்டச் சொல்லியிருக்கினம்." அவளும் என் மகள்தான். "வாழைப்பழம் தின்னுங்கோ, அப்பா. இளநீர் வாங்கிக் குடியுங்கோ. தனிய எண்டு பஞ்சிப்பட்டுச் சமைக்காம விடாதேங்கோ."

எவ்வளவு அன்பாகச் சொன்னாள். இரண்டு கிழமை நான் எனக்குச் செய்ததையே அவள் வாயால் கேட்டேன். ஓம் என்று சொல்லி வைத்திருக்கலாம். அவள் அதை உண்மையென்று நம்பியிருப்பாள். அடுத்த கிழமை குடித்தீர்களா என்றும் கேட்டிருப்பாள்.

"இல்லை, பிள்ளை. குடிக்கக் கூடாது" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டை மட்டும் கடைசிக்கு வைத்தேன்.

"எத்தனை இரவு?"

"ரெண்டு."

அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை மற்ற அறைக்குப் போகச் சொன்னாள்.

"நீயும் பிழையாத்தானே வாசிச்சாய்" என்றேன். அதை ஒரு வாதமாக வைக்கலாம் என்று நினைத்தேன்.

"ஓம். ஆனா நான் உங்களோட வந்திருந்தா அந்த வாங்கில இருந்திருப்பன். அம்மா இருந்திருந்தா?"

மனைவி இருந்திருந்தால் வாங்கில் இருக்க மாட்டாள். வரிசையைத் தாண்டிக் கதவுக்குள் தலையை நீட்டி, "மிஸ், இந்த மனிசன் கேட்கமாட்டார், நான் கேட்கிறன், இதென்ன அம்பு?" என்று கேட்டிருப்பாள். நான் வெட்கத்தில் வாசலில் நின்றிருப்பேன். அந்த வெட்கம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகளிடம் அதைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டாள்.

"வாற சனி நான் வாறன், அப்பா. சாமானைக் கட்டி வையுங்கோ."

"தற்காலிகமாத்தானே?"

"ஓம், தற்காலிகமாத்தான்."

என் சேவைக் காலத்தில், உத்தியோகத்தரை வேறு ஊருக்கு அனுப்பும் எத்தனையோ தற்காலிக இணைப்புகளுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படிப் போய்த் திரும்பிவந்த ஒருவரையும் ஞாபகமில்லை.

வியாழக்கிழமை, கொழும்புக் கிளினிக்குக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடிதம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. பிறகு டயட் மிஸ்ஸின் வாசலில், அந்த வாங்கில், எனக்கு முன்னால் பதினொரு பேரோடு இருந்தேன். என் முறை வந்தபோது மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. மகளின் வயதுதான் இருக்கும் டயட் மிஸ்ஸுக்கு.

"வீட்டில சமைக்கிறது ஆர், ஐயா?"

"இவ்வளவு நாளும் நான். சனிக்குப் பிறகு மகள்."

"அப்ப அவவுக்கு விளங்கிறமாதிரி நான் எழுதித் தாறன்."

"எழுதுங்கோ. எனக்கு வாயால சொல்லுங்கோ."

சொன்னார். உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கீரையும் அப்படித்தான். இளநீர் வேண்டாம். வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு துண்டு அன்னாசி. உப்புக் குறைந்தால் தேசிக்காய்ப் புளியும் மிளகும் போட்டுச் சமாளிக்கலாம். பச்சை மூடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். கைகளால் அளவு காட்டிச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். முடிவில், "விளங்கிச்சுதா, ஐயா?" என்று கேட்டார்.

எல்லாம் விளங்கியிருந்தது. முதல் தடவையிலேயே மனப்பாடம்.

"இல்லை, மிஸ்" என்றேன்.

அவர் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.